முதலில் வைத்த மீன்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று யோசித்துவிட்டுக் கொல்லைக்குப் போகிறேன், அங்கிருந்து வாசலுக்கு. டி.வி.யைப் போடுகிறேன், அணைக்கிறேன். நம் வயசுக்காரர்கள் இதைப் படித்தால் சர்க்கரையைப் பார்த்தாயா, பிரஷரைப் பார்த்தாயா என்று ஆரம்பிப்பீர்கள். பார்த்தாயிற்று, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மறதியா என்றால் அதுவும் இல்லை. சொல்லப்போனால் இது மறதிக்கு நேர் எதிரான வியாதி.

காரணம் ஒரு கிரில் அடுப்பு. மாப்பிள்ளை வாங்கி வந்தார். மூன்று கால், ஒரு மூடி, உள்ளே கம்பி வலை. மீஞ்சூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், தென்னை மரத்துக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவில் அதை நிறுத்திவைத்து, கரியைக் கொட்டினார். கூடவே ஒரு பாட்டில். கரி பற்றவைப்பதற்கென்றே தனியாக எண்ணெய் விற்கிறார்களாம். காசு கொட்டிக் கிடக்கிறது, விற்கிறார்கள். மாப்பிள்ளை பாட்டிலைத் திறந்து கரிமேல் பீய்ச்சினார். அந்த வாடை சட்டென்று மூக்கில் ஏறியது. என்ன பேர் போட்டு விற்றால் என்ன, அது மண்ணெண்ணெய்தான்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த நைனா எழுந்து நின்றுவிட்டார். எங்கள் ஊர்ப்பக்கம் அப்பாவை நைனா என்போம். எண்பதைத் தாண்டியவர், அம்மா போன பிறகு என்னோடுதான் இருக்கிறார். எழுந்தவர் தென்னை மரம்வரை நடந்தார், திரும்பினார், மறுபடியும் நடந்தார். எங்கள் வீட்டில் எல்லாருக்குமே காலில் சக்கரம்தான் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

எதிர் நாற்காலியில் சித்தப்பா இருந்தார். நைனாவின் கூடப்பிறந்த தம்பி. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் வீடு, நடந்தால் வந்துவிடலாம், ஆனால் வரமாட்டார். கல்யாணம், சாவு என்றால் அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொள்வார்கள். "நல்லாகீறியா?" "கீறேன்." அவ்வளவுதான். அப்படி வரும்போது எங்கள் வீட்டில் காபி குடிப்பார், ஒரு நாளும் சோற்றில் கை வைத்ததில்லை. மாப்பிள்ளைக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. "வாங்க தாத்தா, மீன் சுடறோம்" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சித்தப்பாவும் வெறுங்கையோடு வராமல் மார்க்கெட்டில் நிறுத்தி மடவை மீன் வாங்கி வந்திருந்தார். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பக்பக் என்று இருந்தது.

அவர்கள் அங்கேயே இருக்கட்டும். நான் கொஞ்சம் குப்பத்துக்குப் போய்விட்டு வருகிறேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். நான் பாவாடை கட்டிக்கொண்டு, மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த காலம். நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து ஒரே படகு. துடுப்பு ரெண்டு, ஆள் ரெண்டு. ஒருத்தர் இல்லாவிட்டால் மற்றவர் கரையில் உட்கார்ந்து ஈ ஓட்டவேண்டியதுதான். அக்கரைக்குச் சவுக்குக் கரி எடுக்கப் போகும்போது மட்டும் என்னையும் ஏற்றிக்கொள்வார்கள்.

அந்தப் படகில் ஒரு டப்பா இருக்கும். யாரோ தூக்கிப் போட்ட பெரிய பால் பவுடர் டப்பா. நைனா அதன் அடியை வெட்டி எடுத்துவிட்டு, கீழ்ப்பக்கம் சுற்றிலும் ஆணியால் ஓட்டை போட்டு, நடுவில் குறுக்கே ரெண்டு கம்பி செருகியிருந்தார். கம்பிக்குக் கீழே தேங்காய் நாரைத் திணிப்பார். மேலே கரி. மண் நிரப்பிய சட்டியில் டப்பாவை நிறுத்தி, நாரில் நெருப்பு வைத்தால் முடிந்தது. ஊத வேண்டாம், விசிற வேண்டாம். முதலில் வெள்ளைப் புகை திணறிக்கொண்டு வரும். அப்புறம் புகை அடங்கி, உள்ளே படபடவென்று சத்தம் கேட்கும். மேல் கரியின் ஓரம் சிவந்ததும் கைப்பிடியைப் பிடித்து டப்பாவைத் தூக்கிக் கவிழ்ப்பார், கரி சட்டியில் பரவிக்கொள்ளும். ஏரிக்காற்று எத்தனை பேயாட்டம் ஆடினாலும் அந்த நெருப்பு அணைந்து நான் பார்த்ததில்லை.

கைப்பிடிக் கம்பியை இடது பக்கமாக வளைத்து வைத்திருப்பார், நைனா இடது கைக்காரர். வேறு யார் தூக்கினாலும் விரல் வெந்துபோகும். சித்தப்பா எத்தனையோ தடவை சூடு வாங்கிக்கொண்டு, "இன்னாண்ணா, ஊர்ல இல்லாத கை ஒனக்கு" என்று விரலை வாயில் வைத்துக்கொள்வார்.

கரி வெள்ளை பூத்த பிறகுதான் மீனை வைப்பார். ஒரே மீனை ரெண்டாகப் பிய்த்து, தலை தனக்கு, கொழுப்பு வழிகிற வயிற்றுப் பக்கம் தம்பிக்கு. அவர் தம்பிமேல் வைத்திருந்த பாசத்தை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வயிற்றுப் பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

மண்ணெண்ணெய்க்கு எங்கள் ஊரில் கிருஷ்ணாயில் என்று பேர். மழைக் காலத்தில் விறகெல்லாம் ஊறிக் கிடக்கும்போது எல்லா வீட்டிலும் ரேஷன் கிருஷ்ணாயிலைத் தெளித்துத்தான் அடுப்புப் பற்றவைப்பார்கள். துணியில், தலைமுடியில், சோற்றில்கூட அந்த வாடை அடிக்கும். நைனாவுக்கு மட்டும் அது ஆகாது.

"கிருஷ்ணாயில் ஊத்தி மூட்றதெல்லாம் ஒரு நெருப்பா?" என்பார். "அது குடிகாரன் ஆடற ஆட்டம். கொஞ்ச நேரம் குதிக்கும், அப்பால உழுந்துடும்."

இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா கல்யாணமான கையோடு காசிமேட்டுக்குப் போய் விசைப்படகில் வேலை செய்துவிட்டு வந்தார். வரும்போது ஒரு எஞ்சினோடு வந்தார். படகின் பின்னால் மாட்டுகிற எஞ்சின், நீல மூடி போட்டது, எங்கள் குப்பத்தில் முதல் எஞ்சின். வாடகைப் படகு ஒன்றில் அதை மாட்டி ஏரியில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் நிறுத்தி, தன் பழைய புடவையால் தினமும் துடைப்பாள். வீட்டுக்கு வந்த மருமகளைக்கூட யாரும் அப்படி வைத்துக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் எஞ்சினுக்குக் கயிறு இழுக்கிற மாதிரி துணிக்கொடியைப் பிடித்து இழுத்து "டர்ர்ர்" என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடுவோம்.

எஞ்சின் குடிப்பது கிருஷ்ணாயில். அதுதான் வினை.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஏரி நிறைந்து இறால் நன்றாக விழுந்த சமயம். ஐஸ் பெட்டியோடு வருகிற வியாபாரி ஒரு நாள் யாரோ ஒருவருடைய இறால் கூடையை முகர்ந்து பார்த்துவிட்டு, "கிருஷ்ணாயில் நாத்தம், வாணாம்" என்று தள்ளிவிட்டுப் போய்விட்டார். அது சித்தப்பா கூடைகூட இல்லை. ஆனால் ஊர் முழுக்க எஞ்சினைத்தான் பார்த்தது. ஏரித் தண்ணீரே நாறிப்போகும், இறால் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது என்று பேச்சு கிளம்பியது. சித்தப்பா விடவில்லை. வாயைத் திறந்தால் மூடாத மனுஷன் அவர்.

"என் எஞ்சினு தண்ணியில கீது, மீனு கூடையில கீது. ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம்? வேணும்னா என் மீனத் துன்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்று ஊர்க்கூட்டத்தில் சவால் விட்டுவிட்டார்.

ஊர்ப் பெரியவர் யோசித்தார். "கொழம்பு வச்சா புளி மறைச்சிடும். உப்பு, காரம் ஒண்ணியும் வாணாம். சும்மா சுட்டுத் துன்னு பாப்போம். எஞ்சின் படகு மீனு ஒண்ணு, துடுப்புப் படகு மீனு ஒண்ணு. நாத்தம் அடிச்சா எஞ்சின் இந்த ஊர்ல எறங்கக் கூடாது."

யார் வீட்டில் சுடுவது என்று கேள்வியே எழவில்லை. நெருப்பு மூட்ட நைனாவைவிட்டால் ஆள் ஏது?

மீன் சுடுகிற நாள் வரும்வரை நைனா பட்ட பாடு எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. கரையில் நிற்பார், வீட்டுக்கு வருவார், வலையை எடுப்பார், வைப்பார். அம்மா சோறு போட்டால் பாதியில் எழுந்துவிடுவார். தம்பிக்காகக் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். கவலைதான், ஆனால் வேறு கவலை. எஞ்சின் நிலைத்துவிட்டால் சித்தப்பா ஏரியில் இருக்கமாட்டார், முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போய்விடுவார். நைனாவைப் பெற்றவர் அந்த முகத்துவாரத்து அலையில்தான் படகு கவிழ்ந்து போனார். அதற்குப் பிறகு நைனா கடலுக்குப் போனதே இல்லை. தம்பி போய்விட்டால் ரெண்டு துடுப்புப் படகில் ஒத்தை ஆளாக என்ன செய்வது? பயமும் சுயநலமும் எந்த இடத்தில் ஒட்டியிருக்கும், எந்த இடத்தில் பிரியும் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

மீன் சுடுகிற அன்று காலை தூறல் விட்டிருந்தது. எங்கள் கொல்லையில் பெரியவர்கள் பலகை போட்டு உட்கார்ந்தார்கள், வேலி ஓரம் பெண்கள். சித்தப்பாவே கரியை உள்ளே இருந்து கூடையில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார். டப்பா வழக்கமான ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை எடுத்து நீட்டினேன். நைனா வாங்கவில்லை.

"நேரமாவுது. பெரியவங்க குந்திகினு கீறாங்க" என்று சொல்லிவிட்டு, மாடத்தில் விளக்குக்கென்று வைத்திருந்த கிருஷ்ணாயில் பாட்டிலை எடுத்துக் கரிமேல் கவிழ்த்தார். தீக்குச்சியைப் போட்டார். குபீரென்று பற்றியது.

எல்லாருடைய கண்ணுக்கு எதிரில்தான் ஊற்றினார். ஒருத்தர்கூட ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கப்போகிறார்கள்? அவர்கள் வீட்டிலும் அப்படித்தானே நெருப்பு மூட்டுகிறார்கள்! மீனில் கிருஷ்ணாயில் தேட வந்தவர்களுக்கு நெருப்பில் இருந்த கிருஷ்ணாயில் தெரியவில்லை. உப்பு வேண்டாம், காரம் வேண்டாம் என்று அத்தனை விவரமாகப் பேசியவர்கள்! அந்த வாடைக்கு ஊரின் மூக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

சுவாலை அடங்கியதும், கரி இன்னும் கறுப்பாக இருக்கும்போதே, நைனா மீனை எடுத்தார்.

"தம்பி மீன மொதல்ல வைக்கறேன். காலையிலேர்ந்து கொலப்பட்டினியா நிக்கறான்."

"அண்ணன்னா இவன்தான்யா அண்ணன்" என்று ஒருவர் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தம்பி மீன் வெந்ததும் எடுத்துப் பெரியவர்கள் கையில் கொடுத்தார். கரி மெல்ல வெள்ளை பூத்தது. அதற்குப் பிறகு துடுப்புப் படகு மீனை வைத்தார்.

ஊர்ப் பெரியவர் முதல் மீனை முகர்ந்தார். வாயில் போட்டு மென்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பினார். "கொடலப் புடுங்குதுடா நாத்தம்." மற்றவர்களும் தின்று பார்த்துத் தலையை ஆட்டினார்கள். ரெண்டாவது மீன் வந்தது. பெரியவர் மென்றார், இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

"இது மீனு" என்றார்.

எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தோம். அவர் கரியைப் பார்த்தார். பிறகு நைனாவைப் பார்த்தார். குதிப்பார், கத்துவார், பலகையை எட்டி உதைப்பார் என்று நான் அம்மாவின் முந்தானைக்குள் ஒதுங்கினேன். சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். அவர் பேசாமல் போனதையே ஊர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டது, நானும்தான். சித்தி எஞ்சின் துடைக்கிற துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கன்னமெல்லாம் கறுப்பு கிரீஸ்.

அம்மா அந்த வாரம் முழுக்க நைனாவோடு பேசவில்லை. ஆணியில் டப்பாவைக் காணோம். கேட்டதற்கு நைனா, "துரு புடிச்சிப் போச்சி, ஏரியில வீசிட்டேன்" என்று எரிந்து விழுந்தார். எங்கே துரு? நான் கையில் பிடித்த டப்பா பளபளவென்று இருந்தது. டப்பாவை வீசியதற்காகத்தான் அம்மா கோபமாக இருக்கிறாள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். குழந்தை புத்தி!

சித்தப்பா எஞ்சினை வடக்கே வேறு ஒரு குப்பத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு, மீஞ்சூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்துவிட்டார். மூட்டை தூக்கினார், வாட்ச்மேன் வேலை பார்த்தார். தண்ணீரில் பிறந்த மனுஷன் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தம்பியைப் பிடித்து வைக்கப் பார்த்த நைனாவுக்குக் கடைசியில் தம்பியும் இல்லை. கொஞ்ச வருஷத்தில் அதே ஊரில் வீட்டுக்கு வீடு எஞ்சின் வந்தது. அதே பெரியவரின் மகன் ரெண்டு வைத்திருந்தான். இறாலும் வந்தது, வியாபாரியும் வந்தார். நைனா அந்தப் படகுகளில் கூலிக்குப் போனார். எஞ்சினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்பக்கம் உட்கார்ந்திருப்பார்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை நெருப்பு வைத்தார். குபீரென்று பற்றி அடங்கியது. நான் மீன் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"கொஞ்சம் இருங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. "கரிமேல வெள்ளையா சாம்பல் பூக்கணும். இப்பவே வச்சா எண்ணெய் வாசம் மீன்ல ஏறிடும், முதல் மீன் வேஸ்ட். அப்புறம் வைக்கிறதெல்லாம் நல்லாருக்கும்."

நீட்டிய தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். நைனா அன்றைக்குச் சொன்னது காதில் கேட்டது: தம்பி மீன மொதல்ல வைக்கறேன். இத்தனை வருஷமாக நான் பாசம் என்று நினைத்து வைத்திருந்த வார்த்தை! ஆணியில் தொங்கிய டப்பா, கவிழ்த்த பாட்டில், துப்பிய பெரியவர், பேசாத அம்மா, எல்லாம் அங்கேயே நின்ற நிலையில் எனக்கு ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. எனக்கு நைனாவின் மேல் வந்த கோபத்தில் தட்டை அப்படியே கவிழ்த்திருப்பேன். திரும்பிப் பார்த்தேன்.

நைனா தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கரி ஈரமா இருந்திச்சி" என்றார்.

"இல்ல தாத்தா, புது பாக்கெட்" என்றார் மாப்பிள்ளை.

"ஈரமெல்லாம் இல்ல" என்றார் சித்தப்பா, நாற்காலியிலிருந்து அசையாமல். "நான்தானே அள்ளிக்கினு வந்து கொட்டினேன். காஞ்ச கரி."

மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கே தெரியுமா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"எதிர்ல நின்னவனுக்குத் தெரியாதா? உங்க நைனா கிருஷ்ணாயில் தொட்டு நீ பாத்துகிறியா?"

"அப்ப ஏன் வாயத் திறக்கல?"

"தொறந்திருந்தா? ஊர்க்கூட்டத்த ஏமாத்துனவனுக்கு ஏரியில வலை போட முறை கெடையாது. உங்க நைனா எங்க போய் வலை போடுவான்? கடலுக்கா போவான்?" சித்தப்பா எழுந்தார். "எஞ்சின் போனா இன்னொண்ணு வாங்கலாம்னு நெனச்சேன். வாங்க முடியல, அது வேற."

இவ்வளவுதான் சொன்னார். பிறகு விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனார். என் பேத்தியின் பால் பவுடர் டப்பா காலியாக ஜன்னலில் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு வந்தார். "ஆணி, சுத்தி, கம்பி எடுத்துகினு வா" என்று மாப்பிள்ளையை விரட்டினார். கல்லில் உட்கார்ந்து அடியை வெட்டினார், ஓட்டை போட்டார். நான் தேங்காய் நாரைப் பிய்த்துக் கொடுத்தேன். கைப்பிடிக் கம்பியை வளைக்கும்போது சற்று நிறுத்தி, இடது பக்கமாக வளைத்தார். சித்தப்பா வலது கைக்காரர்.

பாட்டில் எண்ணெய் ஊற்றிய கரியை அப்படியே மண்ணில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கொண்டுபோய் நைனாவின் முன்னால் வைத்தார்.

"மூட்டு."

நைனா அவரைப் பார்த்தார். அப்புறம் குந்தி உட்கார்ந்தார். முட்டி சத்தம் போட்டது. நாரைத் திணித்தார், கரியை அடுக்கினார். மூன்று குச்சி வீணானது, யாரும் உதவிக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை திணறிக்கொண்டு வந்தது, நின்றது, உள்ளே படபடவென்றது. இடது கையால் டப்பாவைத் தூக்கிக் கரியை அடுப்பில் கவிழ்த்தார்.

"என் மீன மொதல்ல வை" என்றார் சித்தப்பா.

"வெள்ளையாவட்டும்டா" என்றார் நைனா. ஓர் இடத்தில் நிற்காத அந்த மனுஷன், கரி வெளுக்கிறவரை அடுப்பைவிட்டு ஓரடி நகரவில்லை. உப்பு இல்லை, மிளகாய் இல்லை. நான் அரைத்து வைத்திருந்த மசாலா அடுப்படியிலேயே கிடந்தது.

வெந்ததும் மீனை ரெண்டாகப் பிய்த்தார். சூட்டில் விரலை உதறிக்கொண்டே வயிற்றுப் பக்கத்தைத் தம்பி தட்டில் வைத்தார். வைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பா அதை முகர்ந்து பார்க்கவில்லை. ஆறட்டும் என்றுகூட நிற்காமல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இது மீனுண்ணா" என்றார்.